மஃரிபு வரைக்கும்

டீயை ஆறவிடாதீர்கள், ஹஜ்ரத். இஞ்சி கொஞ்சம் கூடுதலாகத் தட்டிப் போட்டிருக்கிறேன். உங்களுக்குச் சளி என்று மோதினார் சொன்னார். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே பேசுகிறேன். பள்ளிவாசலிலிருந்து நீங்களே கேட்க வந்திருக்கும்போது மறைக்க என்ன இருக்கிறது.

இந்தத் தெருவில் முக்கால்வாசி வீட்டு ஆண்கள் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். ஏதாவது காரியம் என்றால் பெண்கள் என்னிடம் வருவார்கள். "ஹபீபுன்னிசாம்மா, இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். கடமைத் தொழுகை போக, உபரியாக இரண்டு ரக்அத் நஃபில் தொழுவேன். இதில் நன்மை இருக்கிறதா என்று அல்லாஹ்விடம் கேட்பேன். பிறகு என் மனம் சாய்கிற பக்கத்தைச் சொல்வேன். பக்கத்து வீட்டு ஷம்சாத் தன் மகனுக்காகப் பிடித்து வைத்திருந்த விசா ஏஜெண்டை வேண்டாம் என்றேன். மறுமாதமே அந்த ஏஜெண்ட் பணத்தோடு ஊரை விட்டு ஓடிவிட்டான். நடவுக்குப் போகிற பெண்களுக்கு வாசலில் மோர் வைக்கிறேன் இல்லையா, அது போலத்தான் இதையும் செய்துவந்தேன்.

ஷமீரா என் மகன் சித்தீக்கின் மனைவி. அவளை நான் ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. எட்டாம் மாத வயிற்றோடு குனிய முடியாமல் நின்றபோது, அவள் கால் நகத்தை நான்தான் வெட்டிவிட்டேன். இரண்டு வாரம் முன்பு துபாயிலிருந்து எஸ்.டி.டி. பூத்துக்கு சித்தீக் பேசினான். ஃபேமிலி விசா கிடைத்துவிட்டது, பிரசவமாகி நாற்பது கழிந்ததும் தாயும் பிள்ளையும் துபாய்க்கு வந்துவிட வேண்டும் என்றான். அன்று முதல் அவள் பாஸ்போர்ட்டைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாள், சின்னப் பிள்ளை மாதிரி.

நர்ஸ் மலர்க்கொடி வந்து பார்த்து, என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "பிரஷர் ஏறுதும்மா. தலைவலி வந்து கண்ணு மங்குச்சுன்னா ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. நேரா கும்பகோணம். இல்லேன்னா வலிப்பு வந்து ரெண்டு உசுரும் போயிடும்." நான் அதை மறக்கவில்லை. எனக்கு மறதி கிடையாது.

அன்று மாலை அஸர் தொழுது முடித்தபோது, ஷமீரா தலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மாமி, கண்ணு ஒரு மாதிரி இருக்கு. நீங்க ரெண்டு பேரா தெரியுறீங்க."

"ஒரு மாமியையே சமாளிக்க முடியலேன்னு உங்கம்மாகிட்ட சொன்னியாமே. இப்ப ரெண்டா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அந்த நேரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிற பஞ்சநதத்தின் அம்பாசடர் வந்து நின்றது. யாரும் அவனை அழைக்கவில்லை. "இந்தத் தெரு எனக்கு வழியே இல்லம்மா. என்னமோ மனசுல தோணுச்சு, திருப்பிட்டேன்" என்றான். ஷமீராவைப் பார்த்ததும் பின்கதவைத் திறந்துவிட்டான். "பாப்பா முகமே வீங்கிக் கெடக்கு. ஏத்துங்கம்மா. முக்கால் மணியில கும்பகோணம்."

இஸ்திகாரா பார்க்காமல் இந்த வீட்டிலிருந்து யாரும் எங்கும் போனதில்லை. அஸருக்குப் பிறகு சூரியன் மறைகிறவரை நஃபில் தொழக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா, ஹஜ்ரத். அதைத்தான் அவனிடமும் சொன்னேன். "தொழுது கேட்காம அனுப்ப முடியாது. மஃரிபு வரைக்கும் பொறு, பஞ்சநதம்."

"நான் பொறுப்பேம்மா. பாப்பா பொறுக்குமா?"

அவன் வண்டியை எடுத்தான். "நர்ஸம்மாவக் கூட்டிட்டு வந்துடுறேன். அவங்க சொன்னாலாவது கேளுங்க."

"அண்ணே, சீக்கிரம் வந்துடுங்க" என்றாள் ஷமீரா. அவளைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போய்க் கட்டிலில் படுக்க வைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டேன்.

பாங்கு சொன்னதும் மஃரிபு தொழுதேன். பிறகு இரண்டு ரக்அத் நின்று கேட்டேன். பதில் அவ்வளவு தெளிவாக எனக்கு என்றுமே வந்ததில்லை. இங்கேயே இருக்கட்டும் என்றது. நெஞ்சில் குளிர்ந்த தண்ணீர் இறங்கியது போல இருந்தது. அந்த இரண்டாவது ரக்அத்தில்தான் ஷமீராவின் கட்டில் சுவரில் இடிக்கத் தொடங்கியது. வேறு ஊருக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்த மலர்க்கொடி அப்போதுதான் வந்து கதவைத் தட்டினார். பஞ்சநதம் தோளால் மோதினான். ஓர் உயிர் ஆபத்தில் இருந்தால் தொழுகையை முறிக்கலாம் என்ற சட்டம் எனக்குத் தெரியும். ஓத வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, துஆவை முழுதாக ஓதிவிட்டுத்தான் எழுந்தேன். அதற்குள் கட்டில் நின்றுவிட்டது.

அவளைக் குளிப்பாட்டியதும் நான்தான். வெந்நீர் சுடாமல் விளாவி ஊற்றினேன். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. தாயோடு சேர்த்தே மையத்தாங்கொல்லையில் அடக்கினீர்கள்.

சித்தீக் இனி துபாய்க்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டான். மூன்று வேளையும் என் கையால்தான் சாப்பிடுகிறான். முகம் பார்த்துப் பேசுவதில்லை, அது சரியாகிவிடும்.

அந்த எண்ணத்தை அல்லாஹ் போட்டானா, என் மனம் போட்டதா என்று கேட்கிறீர்கள். கேட்பதற்கு முன் மனம் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். சாய்வு இருந்தால் படபடப்பு இருக்கும். என் நெஞ்சு அன்று அமைதியாக இருந்தது. அது அல்லாஹ்வின் பதில் என்பதற்கு அதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்? பஞ்சநதம் தன் மனதில் ஏதோ தோன்றியது என்கிறான். அவன் கை கால் கழுவி ஒளுச் செய்தானா, தொழுதானா?

தாழ்ப்பாளைப் பற்றி அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். ஆமாம், நான்தான் போட்டேன். அவன் வண்டி தெருமுனையில் திரும்பியதும் மேலும் கீழும் போட்டேன். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "மாமி, கதவ ஏன் சாத்துறீங்க" என்றாள் ஷமீரா. காற்று அடிக்கிறது என்றேன்.

அதன் பிறகுதான், ஹஜ்ரத், நான் அல்லாஹ்விடம் கேட்கப் போனேன்.