ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்த கடிதம்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தோணித் தொழிலாளர் சங்கத் தலைவர் அம்புரோஸ் அண்ணாச்சி அவர்களே! முதியோர் கல்விக்கென்று கோயில் கொட்டகையைத் திறந்துவிட்ட சங்கைக்குரிய பங்குத் தந்தை அவர்களே! அலைகடலோடு மல்லுக்கட்டி வென்ற பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் துறைமுகத்தில் கணக்குப்பிள்ளையாக இருக்கும் வில்பிரட் ஆகிய நான் வணங்குகிறேன்.

நம் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலடியில் சங்கு குளிக்க இறங்குகிறவன், தன்னை மேலே இழுக்கும் இடுப்புக் கயிற்றை யார் கையில் கொடுப்பான்? பெற்ற தகப்பனிடமா? கூடப் பிறந்தவனிடமா? இல்லை! மனைவியின் அண்ணன் தம்பியிடம்தான் கொடுப்பான். ஏன்? தன் தங்கை தாலியறுக்க எவனாவது கயிற்றை விடுவானா?

என் தங்கை அமலோற்பவத்தின் கணவர் ரோச். அவருக்கு எட்டு ஆண்டுகள் கயிறு பிடித்தவன் நான். பிறகு பத்தாம் வகுப்புப் படிப்பு எனக்குத் துறைமுக வேலை தந்தது. கயிறு வேறு கைக்குப் போயிற்று.

என்ன அண்ணாச்சி? கேட்கவில்லையா? மைக்கை நெருங்கியே பேசுகிறேன். இதைச் சத்தமாகச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு மச்சான் கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போயிருந்தார். ஒரு புதன்கிழமை கடிதம் வந்தது. எங்கள் தெருவில் எழுத்தறிந்தவர் மூவர் இருந்தனர். ஆனாலும் தங்கை யாரிடமும் நீட்டவில்லை. "புருசன் காயிதத்தக் கூடப் பொறந்தவன்தான் வாசிக்கணும்" என்பது இங்குள்ள பெண்கள் கட்டிக்காக்கும் மானம். கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு துறைமுக வாசலுக்கே ஓடிவந்தாள்.

"அண்ணே, காயிதம் வந்துருக்கு. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுதியா?"

"ஏளா, கப்பல் நிக்கி, உப்பு ஏறுது. இப்பவா வாசிக்க முடியும்? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாரேன், போ!"

அவள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அந்தக் கடிதத்தை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். "நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். உடனே வா. உன்னைப் பார்க்க வேண்டும்." பக்கத்துக் கட்டில்காரர் எழுதிக்கொடுத்த நாலே வரி!

பஸ் ஏறி ஓடினோம். சனிக்கிழமை மாலையே மச்சான் உயிர் போயிருந்தது. அந்தக் கட்டில்காரர் என் தங்கையிடம் சொன்னார்: "நாலு நாளா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரும்மா."

ஐயா பெரியோர்களே! படித்தவன் நான்! பாசமுள்ளவன் நான்! பாவியும் நான்! நாலு வரி வாசிக்க எத்தனை நிமிடம் ஆகும்? அந்த நிமிடத்தை என் தங்கைக்கு நான் கொடுத்தேனா? எழுத்து அவள் கையிலேயே இருந்திருந்தால் என் ஓய்வுக்காக அவள் காத்திருப்பாளா?

எழுத்தறிந்த கனவான்களே, இரக்கப்பட்டு வாசித்துச் சொல்வதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள்! இரவல் கண் எத்தனை நாளைக்கு? வாரம் மூன்று மாலை, ஆறு முதல் எட்டு வரை வாருங்கள். சிலேட்டு வந்துவிட்டது, விளக்கு வந்துவிட்டது. முப்பத்தொரு தாய்மார்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். சொல்லித்தர ஆள்தான் இல்லை.

"ஏன், நீரே சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். மற்றவர்களுக்குச் சொல்லித்தருவேன் ஐயா. ஆனால் முதல் பெயர் கொடுத்தவள் அமலோற்பவம். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். நான் பெயர் எழுதிக்கொள்ளும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் படிக்கேன். ஆனா எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்ணே."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த மேடையில் நின்று யாசிக்கிறேன். என் தங்கைக்கு எழுத்துச் சொல்லித்தர இந்தக் கூட்டத்தில் ஒருவர் உண்டா? ஒரே ஒருவர்?

யாரம்மா கை தூக்குவது? எங்கள் தெருவில் எழுத்தறிந்த ஞானசௌந்தரியா? எழுந்து நில் தாயே, எல்லோரும் பார்க்கட்டும்! என்ன சொல்லுகிறாய்?

"நான் வாரேன் அண்ணாச்சி. அக்காவ எம் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க."

நன்றி தாயே! நீ வாழ்க, உன் குலம் வாழ்க! பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்லி அமர்கிறேன்.