எடை மெஷின் பக்கத்தில்

"செருப்பு அறுந்தவனைத் தாம்பரத்துல விட்டுட்டு வந்தோம். அவன் இன்னும் நமக்கு விடை தேடிட்டு இருக்கான்டா" என்றாள் எதிர் இருக்கைப் பெண்.

செங்கல்பட்டு வண்டி வண்டலூரைத் தாண்டியிருந்தது. அவள் பக்கத்தில் அதே நிற பனியனில் ஒரு பையன். இருவரும் கல்லூரி மாணவர்கள். குறிப்பை வைத்து ஊரெல்லாம் தேடி, பன்னிரண்டு பொருள்களைப் படம் எடுக்கும் போட்டியாம். பதினொன்று முடிந்துவிட்டது. கடைசிப் படத்தில் மட்டும் மூன்று பேரும் நிற்க வேண்டும்.

"நிக்கலாம்னு நான் சொன்னேன்ல?" என்றாள் அவள்.

"நீயும்தானே ஓடி வந்து ஏறினே? நாம முன்னாடி போய்க் கண்டுபிடிப்போம், அவன் அடுத்த வண்டில வந்துடுவான்னு நினைச்சேன்."

போனில் செய்தி வந்தது. பையன் படித்தான். "கடைசிப் பொருள் நாம நினைச்ச மாதிரி பொத்தேரில இல்லையாம். தாம்பரம் பிளாட்பாரத்துல பழைய எடை மெஷின்தானாம். அதுலயே சாஞ்சு நிக்கறானாம். சீக்கிரம் வாங்கங்கறான்."

"மணி?"

"நாலு அம்பத்திரண்டு."

"அஞ்சுக்கு முடியுதேடா!"

பையன் பதில் எழுதி அழித்தான். மூன்று முறை.

"திட்டினாக்கூடப் பரவாயில்லை" என்றாள் அவள்.

"திட்டமாட்டான். அதான் பேஜார்."

கூடுவாஞ்சேரியில் இறங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே அவள் கேட்டாள்: "புதுசா வாங்கிட்டுப் போலாம். அவன் செருப்பு என்ன சைஸ்?"

பையன் தன் காலைப் பார்த்தான்.

"மூணு வருஷமா ஒரே ரூம். தெரியலையே."