உமி தூவிய இடம்

கடலை எண்ணெய் வாசனை எனக்குப் பிடிக்கும், ஐயா. வேட்டியை எப்படித் துவைத்தாலும் போகாது. அரியலூர் எண்ணெய் மில்லில் நான் மேஸ்திரி. தரை என் பொறுப்பு. எண்ணெய் சிந்திய இடத்தில் உமி தூவ வேண்டும், இல்லாவிட்டால் கால் வழுக்கிவிடும்.

யுத்தத்துக்கு எண்ணெய் கேட்கிறார்கள் என்று முதலாளி மில்லை ஓயாமல் ஓட்டினார். அந்த அவசரத்தில் நான் உமி போடுவதை விட்டுவிட்டேன். மூட்டை தூக்கும் நல்லுசாமி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். அவன்கூட என்னை ஒன்றும் சொல்லவில்லை.

கடலைக் கூடை சுமக்கும் அம்சவள்ளிதான் சொன்னாள். முதலாளி வந்திருந்தபோது எல்லோருக்கும் எதிரில் போய் நின்றாள். "தரையெல்லாம் எண்ணெயாக் கெடக்குதுங்க. மேஸ்திரி உமியே போடறதில்லீங்க."

"இந்தப் பொம்பளைக்குத் தெரியறது உனக்குத் தெரியலையாடா?" என்று முதலாளி என்னைக் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

உமிதானே கேட்டாள், போட்டேன். எஞ்சினிலிருந்து செக்குக்கு ஓடும் பெல்ட்டின் ஓரமாகத்தான் கூடையோடு அவள் போக வேண்டும். ஒருநாள் காலை அங்கே கொஞ்சம் எண்ணெயை ஊற்றி, மேலே உமியை மெல்லிசாகத் தூவினேன். பளபளப்புத் தெரியக் கூடாதல்லவா? பெல்ட்டை மறைத்திருந்த மரத்தட்டியையும் ரிப்பேர் என்று சொல்லிக் கழற்றி வைத்தேன்.

அம்சவள்ளி வந்தாள், உமியைப் பார்த்து நின்றாள். "போட்டுட்டீங்களாண்ணே? நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண். நம்பிக் காலை வைத்தாள்.

பெல்ட் முதலில் முந்தானையைத்தான் இழுத்தது. எஞ்சின்காரன் குழந்தைவேல் என்னையே பார்த்தான். நான் கையைத் தூக்கினால்தான் அவன் எஞ்சினை நிறுத்துவான், அதுதான் மில் வழக்கம். தூக்கினேன். உடனே அல்ல, அவள் குரல் அடங்கிய பிறகு. குழந்தைவேல் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை, ஐயா. அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை.

அவள் புருஷன் இளையபெருமாள் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "உன் பொஞ்சாதி பாத்து நடந்திருக்கலாமேப்பா" என்றேன். ஆமாம் என்று தலையாட்டினான். "கைப்புள்ளைய வச்சிக்கிட்டு நான் என்னங்க பண்ணுவேன்?" என்று கேட்டான்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. அவள் தங்கை சிந்தாமணியைக் கூப்பிட்டு அந்தக் கூடையை அவளிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். என்னைக் கொலைகாரன் என்கிறீர்கள். நான் இங்கே போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.