பருத்த கைக்கான பட்டை

நீங்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்படி உட்கார்ந்தால் ரத்த அழுத்தத்தின் மேல் எண் ஐந்தாறு புள்ளி ஏறிவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பழக்கதோஷம். பதினெட்டு வருடமாக எதிரே யார் உட்கார்ந்தாலும் முதலில் காலைப் பார்ப்பேன், பிறகு முதுகை, பிறகு கையை. முகத்தைப் பார்ப்பது கடைசியில்தான்.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். மூடி மழுப்புகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

அந்த ரத்த அழுத்த ஆய்வில் என் அறைக்கு வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வருடம். வெறுங்காலோடு தட்டில் ஏற்றினால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, நீர் எவ்வளவு என்று இயந்திரம் பிரித்துச் சொல்லிவிடும். அடுத்து மேல்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து, அதற்குத் தகுந்த பட்டையைக் கட்டி அழுத்தம் பார்க்க வேண்டும். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பட்டைகள் உண்டு. ஒல்லிக் கையில் பெரிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் குறைத்துக் காட்டும். தெரியாமல் அப்படிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும்.

மேல் எண் நூற்றெண்பதைத் தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவிட்டு, ஆய்விலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. மாத்திரை ஆரம்பித்தாலும் பெயர் போய்விடும். மற்ற அறைகளில் மளமளவென்று பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. மூன்றாம் வருடக் கூட்டத்தில் ஆய்வை நடத்தும் பெரிய டாக்டர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "இவங்க ரூம்லேருந்து இதுவரைக்கும் ஒரு ஆள்கூட விட்டுப்போகல. ராசியான கை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் டாக்டர் இல்லை, நர்ஸ்கூட இல்லை, வெறும் அளக்கிறவள். அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன்.

அடுத்த வாரமே ஒரு பஸ் கண்டக்டருக்கு நூற்று எண்பத்து நான்கு வந்தது. மனிதர் பயந்துவிட்டார். அவருடைய சட்டைக் கையை நாலாக மடித்து ஏற்றி, மடிப்பின் மேலேயே நாடாவைச் சுற்றினேன். முப்பத்தாறு சென்டிமீட்டர் காட்டியது. முப்பத்தாறுக்குப் பெரிய பட்டைதான் விதி. மடிப்பைத் தள்ளிவிட்டு அதைக் கட்டினேன். நூற்று எழுபது. "அப்பாடா" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எந்த எண்ணையும் நான் கற்பனை செய்யவில்லை, கவனியுங்கள். நாடா காட்டியதை எழுதினேன், இயந்திரம் காட்டியதை எழுதினேன்.

இரண்டு வருடத்தில் இப்படிப் பத்துப் பேர். அவர்களில் மூன்று பேர் இறந்தது உண்மைதான். மூன்று வீட்டுக்கும் துக்கம் கேட்கப் போனேன். ஆனால் ஆய்வில் இறப்பு என்பது ஒரு முடிவு. அதற்கென்று தனிக் கட்டம் உண்டு, அதை நிரப்பலாம். விட்டுப்போனவர்கள்தான் ஓட்டை.

பதினோராவது ஆள் என் தங்கை. ஆரம்பத்தில் ஆள் குறைந்தபோது நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன். பைண்டிங் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவள், நோஞ்சான் உடம்பு. கடைசிச் சுற்றில் மட்டும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். முதல் முறைக்கு வந்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"அக்கா, ரெண்டு வாரமா பின்னந்தலை பிளக்குது. நாளைக்கு டாக்டருக்கு டோக்கன் போட்டிருக்கேன். நீ பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னா போகல. ஒரு லீவாவது மிச்சம்."

நடுத்தரப் பட்டையில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு. அவளுடைய ஸ்வெட்டர் கையை மடித்தேன். பெரிய பட்டையில் நூற்று எழுபத்தேழு.

"எவ்வளவுக்கா?"

"நூத்தியெண்பதுக்குக் கீழதான்."

"அப்போ டாக்டர்?"

"எதுக்கு வீண் அலைச்சல்? உனக்குத் தூக்கம் பத்தல."

"நீ சொன்னா சரிதான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். டாக்டரிடம் போனால் அன்றே மாத்திரை ஆரம்பித்துவிடுவார். இன்னும் ஒரே ஒரு அளவுதான் பாக்கி இருந்தது.

நான்காம் நாள் கடையிலேயே சரிந்து விழுந்தாள். வலது கைகால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

அதன் பிறகுதான் விசாரணை. யார் யாரைச் சந்தேகப்படுவது என்றே தெரியாமல் போயிற்று. முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டார்கள், கழற்றிப் பார்த்தார்கள். எல்லோரும் மேஜை டிராயரைப் பூட்ட ஆரம்பித்தார்கள். நான் வராந்தாவில் நடந்தால் பேச்சு நின்றது. பக்கத்து அறைக்காரியை நாங்கள் எக்ஸ்பிரஸ் என்போம். அவசரத்தில் எண்களைத் தோராயமாக்கி எழுதுகிற பெண். என் லீவு நாட்களில் என் அறையையும் அவள்தான் பார்த்துக்கொள்வாள். அவளைப் பற்றிக் கேட்டபோது, "நல்ல பொண்ணுதான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்வாங்க இல்லையா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்தியது அவர்களாக எடுத்த முடிவு.

கடைசியில் புள்ளிவிவரக்காரர் என்னைக் கூப்பிட்டார். இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "உங்க தங்கச்சி ஆறு மாசத்துல நாலு கிலோ இளைச்சிருக்காங்க. கொழுப்பும் குறைஞ்சிருக்கு, தசையும் குறைஞ்சிருக்கு. கை மட்டும் எப்படிம்மா எட்டு சென்டிமீட்டர் பருத்துச்சு?" என்று கேட்டார். பிறகு மற்ற பத்துத் தாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. அந்தக் கட்டிடத்தில் அளவுகளை ஒழுங்காகப் படிக்கிற ஒருவராவது இருக்கிறாரே.

ஆமாம், பதினொரு பேருக்கும் நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். என் தங்கைக்கும் தெரிந்தேதான் செய்தேன். தங்கை வீட்டுக்காரர் இங்கே வராந்தாவிலேயே, "வேலியே பயிரை மேய்ஞ்சிடுச்சே" என்று கத்தினார். பாவம், கஷ்டத்தில் இருப்பவர்.

ஆஸ்பத்திரி விஷயத்தையும் கேட்டீர்கள். இரண்டாம் அளவுக்கான பத்தாம் நாள் போனது நான்தான். தங்கை வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்துப் பையோடு உள்ளே போனேன். தட்டில் ஏற்ற முடியாது. அதனால் நாடா, பட்டை, கைப்பிடி பலம் பார்க்கும் கருவி மட்டும் எடுத்துப் போயிருந்தேன். அந்த அளவு இல்லாவிட்டால் ஐந்து வருடமாக வந்தவள் விட்டுப்போனவள் ஆகிவிடுவாளே.

பட்டையைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. என்னைப் பார்த்த சந்தோஷம் என்று நினைக்கிறேன். இடது கையை எடுத்தேன், இழுத்துக்கொண்டாள். மறுபடி எடுத்தேன், மறுபடி இழுத்தாள். மூன்றாம் தடவை என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியேவிட்டாள். நகம் பட்ட தடம் இன்னும் இருக்கிறது, பாருங்கள். வலது பக்கம் விழுந்த பிறகும் இடது கையில் இத்தனை பலம் இருப்பது நல்ல அறிகுறி. சீக்கிரம் தேறிவிடுவாள். தேறியதும் பிரஷர் பார்க்க என்னிடம்தான் வருவாள். கூடப்பிறந்த அக்காவை விட்டு வேறு யாரை நம்பிக் கையை நீட்டுவாள், சொல்லுங்கள்.