ஏழாவது தடவை

சாயங்காலம் நாலரை மணி. டிசம்பர். அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. ட்ரெந்தே என்ற டச்சு மாகாணத்தின் பக்கம், ஈர வயல்களுக்கு நடுவே நேராகப் போகும் ஒற்றைச் சாலை... எதிரே ஒரு வண்டி கிடையாது. நம்ம கூட்டாளி ஹார்மனுடைய சித்தி டீனெக்கே, வேனில் நாற்பது பழைய கோட்டுகளை ஏற்றிக்கொண்டு போனாள். சினிமாவுக்கு உடுப்பு கொடுக்கிற வேலை. போர்க்காலத்தில் யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பியதைப் பற்றிய படம். ஆள் நடமாட்டம் நின்றுபோன ஒரு சின்ன ஸ்டேஷனில் படப்பிடிப்பு.

காட்சி சின்னதுதான். கூட்டம் பெட்டியில் ஏறும். காவலன் கதவைச் சாத்துவான். ரயில் பத்தடி நகரும். அவ்வளவே. டைரக்டருக்குத் திருப்தி வரவில்லை. மறுபடி... மறுபடி... மணி எட்டாகிவிட்டது.

"இன்னிக்கு மட்டும் ஆறு தடவ நம்மள நாடு கடத்திட்டானுங்க," என்றார் கூட்டத்தில் நடிக்க வந்த பேக்கரிக்காரர் வுப்பே. "ஒரு தடவையாச்சும் பட்டாணி சூப்பு குடுத்துட்டுக் கடத்தக் கூடாதா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை.

ஒரு பெண்ணை டீனெக்கே கவனித்தது மூன்றாவது தடவையில். கதவைச் சாத்தியபின் டிக்கெட் அறைப் பக்கமிருந்து ஓடி வந்தாள். நாலாவது தடவை விளக்குக் கம்பம் வரை வந்தாள். ஆறாவது தடவை கைப்பிடியில் விரல் பட்டது... ரயில் நகர்ந்துவிட்டது.

டைரக்டர் சொல்லித்தான் ஓடுகிறாள் என்று நினைத்தாள் டீனெக்கே. இடைவேளையில் அந்தப் பெண் டீனெக்கேவின் பக்கத்தில் வந்து நின்றாள். சோப்புத் தண்ணீரில் துணி வேகிற வாசனை. கோட்டில், அந்தக் காலத்தில் யூதர்கள் அணிய வேண்டியிருந்த மஞ்சள் நட்சத்திரம். டீனெக்கே எல்லாக் கோட்டிலும் நட்சத்திரத்தைக் குண்டூசியால்தான் குத்தியிருந்தாள். இது நூலால் தைத்திருந்தது. நெருக்கமான தையல்.

"ஏங்க... இன்னொரு தடவ உண்டா?"

குரலில் அவ்வளவு அசதி.

"தெரியலம்மா. முடிச்சிருவாங்க போல."

"முகாம் சலவைக்கூடத்துலேருந்து என்னை வெளிய விடல. ஓடி வர்றதுக்குள்ள பிள்ளைய ஏத்திட்டாங்க. ஆறு வயசு. தனியா... இன்னிக்கு கிட்ட வந்துட்டேன். ஒரே ஒரு தடவ..."

டீனெக்கே அந்தத் தையலை மறுபடி பார்த்தாள். இவள் நடிக்க வந்தவள் இல்லை.

"ஏறாதம்மா... அது எங்க போகுதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

டீனெக்கே உதவி டைரக்டர் யோஸ்டிடம் போய்ப் பொய் சொன்னாள்.

"ரெண்டு பேரு கையில இந்தக் காலத்து வாட்ச்சு. படத்துல தெரியும்."

"இப்பவா சொல்றது? உங்களோட ஒரே ரோதனை!"

யோஸ்ட் திட்டிக்கொண்டே எல்லாரையும் மறுபடி நிறுத்தினான். டீனெக்கே காவலனாக நடிப்பவனின் காதருகே போனாள்.

"கதவ மெதுவா சாத்துப்பா."

ஏழாவது தடவை. கூட்டம் ஏறியது. பிளாட்பாரத்தில் தடதடவென்று காலடி... அவள் ஏறிவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. ணங்... தாழ்ப்பாள் விழுந்தது. பத்தடி. நின்றது.

எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

டீனெக்கே டார்ச்சோடு ஏறினாள். காலி பெஞ்சுகள். ஈரக் கம்பளி வாடை. நாற்பது பேர் விட்ட மூச்சில் பனித்திருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்துகொண்டிருந்தன.

கடைசி ஜன்னல் மட்டும் தெளியவில்லை. கண்ணாடியில் இரண்டு மூச்சுத் திட்டுகள். ஒன்று, ஒரு பெண் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில். மற்றது அதற்கு ஒரு சாண் கீழே.

இரண்டும் மங்கின... மறுபடி படர்ந்தன. மங்கின... படர்ந்தன.