இரண்டாவது காதுகுத்து

தண்டையார்பேட்டை நிறுத்தத்தில் ஏறிய இருவர் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"போன வாரம் எனக்கு மறுபடியும் காது குத்துனாங்க மச்சி."

"இன்னாடா சொல்ற?"

"கன்டெய்னர் கதவுல மாட்டி காது போச்சுல்ல? டாக்டரம்மா சிலிகான்ல புதுசு செஞ்சு வச்சுது. மடிப்பு, நரம்பு, வெயில்ல கருத்த நிறம், எல்லாம் அச்சு அசலா கீது. ஓட்டை மட்டும் இல்ல."

"அத யாரு பாக்கப் போறா?"

"எங்க தாய்மாமன் பாத்துட்டாரு. அவரு மடியிலதான மொதல்ல குத்துனது? ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாரு. டாக்டரம்மா சிரிச்சுகினே ஊசிய எடுத்துச்சு."

நண்பர் எட்டி அந்தக் காதைப் பார்த்தார். சின்னக் கடுக்கன் மின்னியது.

"சூப்பரா கீதுடா! உடனே குத்திட்டாங்களா?"

"எங்க? 'இரும்மா'ன்னு சொல்லிட்டு, மாமா என்னை மடியில உக்காரச் சொன்னாரு."

"நாப்பது வயசுலயா?"

"உக்காந்தேன்."