மீசை எடுத்தவருக்கு ஒரு கூறைச் சேலை

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகிற பஸ். தம்பி செத்ததிலிருந்து நான் பஸ்ஸில் யாரோடும் பேச்சுக் கொடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பியேதான் வருவேன். அன்று முன் சீட்டில் ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது.

"மீசை இல்லாம ஒங்க மொகம் உரிச்ச கெழங்கு மாதிரி இருக்கு."

தாய் வீட்டில் பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு அன்றுதான் திரும்புகிறாள். அழைத்துப்போக வந்த புருஷனைப் பார்த்துப் பிள்ளை அழுதது.

"சிரிக்காத புள்ள. நீயும் இவனும் நல்லபடியா வந்துட்டா இந்த வருஷம் காமன் கூத்துல ரதி வேஷம் கட்டுறேன்னு நேந்துக்கிட்டேன்ல. அதான் எடுத்துட்டேன்."

"எங்கம்மாதான் நம்பல. சும்மா சொல்றாருன்னாங்க."

"நீயும் ஒண்ணு சொன்ன. நான் ரதி கட்டுனா ஒங் கூறைச் சேலைய உடுத்தத் தர்றேன்னு." அவர் குரல் இறங்கியது. "மனசில்லாட்டி பரவாயில்ல. அக்காக்கிட்ட ஒரு பழைய நைலெக்ஸ் சேல கேட்டு வச்சிருக்கேன். பொடியனுங்க கேலி பண்ணுவானுங்க, பண்ணிட்டுப் போகட்டும்."

அவள் காலடியிலிருந்த பேக்கைத் திறந்து காட்டினாள். சிவப்புச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதற்கு மேல் அதே நிறத்தில் ஜாக்கெட்.

அவர் ஜாக்கெட்டை எடுத்து, பஸ் என்றும் பாராமல் நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

"இது எனக்கு எப்படிப் புள்ள பத்தும்?"

"தையலப் பிரிச்சு, ரெண்டு பக்கமும் துணி வச்சுப் பெருசாக்கிட்டேன். இனி அது எனக்கு ஆகாது," என்றாள். "நல்லா ஆடுங்க."